எங்கள் ஆயாவுக்கு எத்தனை வயது?

எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) 2024 தை மாதம், ஆற்றுத் திருவிழா முடிந்த கையோடு காலமானது. கடலூர் புதுப்பாளையத்தில், சொந்த வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டது. கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து, பாடைக்குப் பூ சோடித்து, வெடி போட்டுத்தான் அனுப்பினோம். "பேரன் பேத்தியெல்லாம் பார்த்துட்டு, யாருக்கும் பாரமில்லாம போயிடுச்சு, அழாதம்மா" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் பெரிதாக அழவில்லை. அழுததெல்லாம் அப்புறம்தான், மஞ்சக்குப்பத்தில் அலுவலக வராண்டாக்களில் உட்கார்ந்து. ஆயா பெயரில் இருந்தவை மூன்றே மூன்று: ஒரு சின்ன வீடு, ஒரு வங்கிக் கணக்கு, அடகில் இருந்த இரண்டு சவரன் சங்கிலி. இவற்றை முடிக்க எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. கையை விட்டுப் போன பணம் 30,000 ரூபாயை நெருங்கும். லீவு போட்டதற்குப் பிடித்த சம்பளம் தனி. இப்படியெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர் இருந்திருந்தால் இதில் பாதி அலைச்சல் இருந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். பெரியம்மா பண்ருட்டியில் இருக்கிறார், முழங்கால் வலி, பேருந்து ஏற முடியாது. மாமா குஜராத் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். கருமாதிக்கு வந்தவர் மறுவாரமே ரயில் ஏறிவிட்டார். ஆக, ஓடியாட வேண்டியது நான் ஒருத்திதான்.

முதலில் ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பின்னால் வந்த சிக்கல் புரியாது. ஆயா பிறந்தது புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. கல்யாணம் ஆகி கடலூருக்கு வந்தது, "இங்க சுதந்திரம் வந்த மறு வருஷம்". பாகூருக்கு 1954 நவம்பரில்தான் விடிந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த வீடு, ஆனால் நடுவில் இரண்டு தேசம். தாய்வீட்டுச் சீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது எல்லையில் சுங்கக்காரன் கூடைக்குள் கையை விட்டுக் கிளறுவானாம். ஒருமுறை பலகாரத்துக்கு அடியில் பட்டுத் துணியை வைத்துக் கொண்டுவந்த கதையை ஆயா சொல்லும்போது, எண்பது வயதிலும் முகத்தில் அந்தக் கள்ளச் சிரிப்பு வரும். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அவர் நாற்பது வயதுக்குள் இறந்துபோனார். மூன்று பிள்ளைகள். ஆயா வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை போட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும். கடன் சொல்லிச் சாப்பிடுகிறவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று. யாருடைய கோடு எது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். அந்த இட்லிக் காசில்தான் 1978இல் இந்த வீட்டை வாங்கியது. எழுதப் படிக்கத் தெரியாது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்துக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கேயாவது மைப்பெட்டியை நீட்டினால் கோபம் வந்துவிடும். "பேனா குடுப்பா" என்று கேட்டு வாங்கும். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்னால் நிற்கிற வரிசையைப் பற்றிக் கவலையே படாமல் போடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் எல்லாம் நம் தலையில். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அந்த அக்காதான் துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் காதோடு சொன்னார்: "உடம்பை எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது டாக்டரைக் கூட்டி வந்து பார்க்க வச்சு, ஒரு சீட்டு எழுதி வாங்கிடு." வாங்கினேன். சுடுகாட்டில் கொடுத்த ரசீதையும் பத்திரப்படுத்தினேன். இந்த இரண்டும் இருந்ததால்தான் மாநகராட்சியில் இறப்புப் பதிவு சிக்கலில்லாமல் நடந்தது. இருபத்தொரு நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் கட்டணம் கிடையாது. முப்பது நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் அதிகாரியின் அனுமதி என்று போகும். ஒரு வருஷம் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வாங்க வேண்டும். கருமாதி முடியட்டும் என்று பலரும் தள்ளிப் போடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களை அனுப்பி வைத்து, பாத்திரம் பண்டத்தைத் திருப்பிக் கொடுத்து நிமிர்வதற்குள் இருபத்தொரு நாள் ஓடிவிடும். காரியத்துக்கு முன்பே போய்விடுங்கள். சான்றிதழ் அச்சாவதற்கு முன், திரையில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கக் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு தாளை வைத்துத்தான் மற்ற எல்லாத் தாளும் வரும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இறந்தவருடைய செல்போன் எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஆயாவின் பட்டன் போனை மாமா அணைத்து வைத்துவிடச் சொன்னார். நான் மாதாமாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தேன். ரேஷன் அட்டையிலிருந்து வங்கி வரைக்கும் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போனது.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் கையெழுத்தோடு வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆயாவின் இறப்புச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று, உயிரோடு இருக்கிற வாரிசுகளின் ஆதார், உறவை நிரூபிக்கப் பெரியம்மாவின் பள்ளிச் சான்றிதழ். தாத்தாவினுடையது கையில் இல்லை, 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்காகத்தான் திருப்பி அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். வேறு காரணத்துக்குத் திரும்பியது.

ஆயாவின் ஆதாரில் பிறந்த தேதி 1940 ஜனவரி 1. ஆதார் எடுத்த காலத்தில், பிறந்த நாள் தெரியாத வயதானவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 போட்டுவிட்டார்கள். வருஷமும் குத்துமதிப்புதான். பெரியம்மாவின் பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்தது 1951. அலுவலகத்தில் அந்தத் தம்பி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏம்மா, பதினோரு வயசுலயா உங்க பாட்டி புள்ள பெத்தாங்க?" பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பதினைந்து வயதில் தாலி கட்டிக்கொண்டு, இருபது வருஷம் குடித்தனம் பண்ணி, ஐம்பது வருஷத்துக்கு மேல் தாலியில்லாமல் வாழ்ந்த ஒரு மனுஷியைப் பற்றி, ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் என்ன விளக்கம் சொல்வது? ஆனால் அந்தத் தம்பி கேட்டது தப்பில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது.

வேறு ஆதாரம் தேடினேன். பழைய வாக்காளர் அட்டையில் 1-1-1995 அன்று வயது 52 என்று இருந்தது. அதன்படி ஆயா பிறந்தது 1943ஆம் வருஷ வாக்கில், பெரியம்மா பிறக்கும்போது வயது எட்டு. இன்னும் மோசம். வீட்டுப் பத்திரத்தில் 'சுமார் 40 வயதுள்ள' என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் 1938. ஒரே ஆளுக்கு மூன்று வயது. இறந்த பிறகு ஆதாரைத் திருத்தவும் வழியில்லை. உயிரோடு இருந்தால் சரியான பிறப்புச் சான்றைக் கொடுத்து பிறந்த தேதியை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா யாராவது இருந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள்: அவர்களுடைய ஆதாரில் இருக்கிற வருஷத்தையும், அவர்களுடைய மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற வருஷத்தையும் கழித்துப் பாருங்கள். பதினைந்துக்குக் கீழே வந்தால், அந்தச் சிக்கல் இப்போதே உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் தாலுகா அலுவலக வாசலில் ஒருவர் அறிமுகமானார். "எல்லாம் நான் பார்த்துக்கறேன், பாண்டிச்சேரில நமக்கு ஆளு இருக்கு, பிரெஞ்சு ரெக்கார்டு எடுத்துடலாம்" என்றார். 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் போனை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை மட்டும் உபயோகமாக இருந்தது: பிரெஞ்சு ரெக்கார்டு.

புதுச்சேரிப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிவு செய்கிற வழக்கம் இருந்தது. அந்தப் பழைய பதிவேடுகளிலிருந்து இன்றைக்கும் நகல் கொடுக்கிறார்கள். நகரத்தில் நகராட்சி, கிராமப்புறத்தில் கொம்யூன் பஞ்சாயத்து. கன்னியக்கோயிலில் இறங்கி பாகூருக்குப் போனேன். கொம்யூன் அலுவலகத்தில் இருந்த அம்மா ரொம்பப் பொறுமையானவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த வருஷம்?" அதுதானே எனக்குத் தெரியாது! 1930க்கும் 1940க்கும் இடையில் என்றேன். "பத்து வருஷத்தைப் புரட்ட முடியாது கண்ணு, ஏதாவது ஒரு குறிப்பு கொண்டு வா" என்றார்.

அன்றைக்குத் திரும்பும்போது பேருந்தில் உட்கார்ந்து ஆயா சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆயாவுக்கு வருஷக் கணக்கு எப்போதும் கிடையாது, எல்லாம் சம்பவக் கணக்குதான். புயல் அடித்த வருஷம், ரேஷன் அரிசி புழுத்த வருஷம் என்றுதான் சொல்லும். தன் பிறப்பைப் பற்றி அதன் அம்மா சொன்னதாக ஒரு கதை உண்டு. 'ஐப்பசி அடைமழையில பொறந்தே. காந்தி பாண்டிச்சேரிக்கு வந்தப்ப இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனேன், ஜனக்கூட்டத்துல நீ வீல் வீல்னு கத்தி அவரை நான் சரியாப் பார்க்கவே முடியல.' நாங்கள் சின்ன வயதில், "காந்தியைப் பார்க்க விடாம கெடுத்த கழுத" என்று ஆயாவைக் கிண்டல் செய்வோம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். காந்தி பாண்டிச்சேரிக்கு வந்தது 1934 பிப்ரவரி 17. இடுப்பில் தூக்குகிற குழந்தை என்றால் அதற்கு முந்தைய ஐப்பசி. 1933 அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரைக்கும்.

அடுத்த முறை அந்த ஒரு மாதத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன், கூடவே ஆயாவின் அப்பா பெயர், கிராமத்தின் பெயர். கிடைத்தது! நவம்பர் முதல் வாரம். தேதியும் வருஷமும் எண்ணில் இல்லை, முழுக்க எழுத்தில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். பிறந்த நேரம் விடியற்காலை. அப்பாவின் வயது, தொழில், வசிக்கிற ஊர். ஆயாவின் பெயர் அங்கே 'அம்மாள்' இல்லாமல் மொட்டையாக இருந்தது. அந்த அம்மா விரலை வைத்துக் காட்டிய வரியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறந்த நாளே தெரியாது என்று தொண்ணூறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த ஆயாவுக்கு, நேரத்தோடு சேர்த்து ஒரு பிறந்த நாள் இத்தனை காலமும் பாகூரில் ஓர் அலமாரிக்குள் இருந்திருக்கிறது. இதை ஆயாவிடம் சொல்ல முடியாமல் போனதுதான் இந்த மொத்த அலைச்சலிலும் எனக்கு ஆறாத விஷயம்.

பாகூர், வில்லியனூர், காரைக்கால் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டிகள் கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வழி தெரிந்திருந்தால் நல்லது. நகலுக்குக் கட்டணம் பெரிதாக இல்லை. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து முத்திரை போட்டுக் கொடுக்கிறவர்கள் புதுச்சேரி நகரத்தில் இருக்கிறார்கள், எனக்கு 1,500 ரூபாய் ஆனது. மொழிபெயர்ப்பையும் மூல நகலையும் சேர்த்தே கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தாத்தாவின் இறப்புச் சான்றுக்கும் இதே மாதிரி ஆயா சொன்ன கதைதான் கைகொடுத்தது. அவர் இறந்தது எந்த வருஷம் என்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை. ஆனால் மாசி மகத்துக்கு ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போகும்போது ஆயா மட்டும் வராது. "அதுக்கு முந்தின நாளுதான் உங்க தாத்தாவைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க" என்று சொல்லும். வருஷத்துக்கும் ஒரு அடையாளம் வைத்திருந்தது: "அண்ணாதுரை செத்த மறு வருஷம்." அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. ஆக 1970, மாசி மாதம். கடலூரில் பழைய பதிவேட்டை எடுத்து அந்த ஒரு மாதத்தைப் பார்க்கச் சொன்னேன். ஓரம் செல்லரித்த பக்கத்தில் தாத்தா இருந்தார். பெயர், ஆண், கூலி, தெருப் பெயர். அவ்வளவுதான். பதிவு கிடைக்காமல் போயிருந்தால், 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வாங்கி, கோட்டாட்சியருக்கு மனுப் போட்டு, சாட்சிகளோடு விசாரணை என்று மாதக்கணக்கில் போயிருக்கும். என் கூட வரிசையில் நின்ற ஒருவர் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆகவே வயதானவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள், பதில் வராது. 'அப்போ யாரு மந்திரி, என்ன புயல், எந்தத் திருவிழாவுக்கு முன்னாடி, யாரு வயித்துல இருந்தாங்க' என்று கேளுங்கள். கேட்டதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். நான் பதிவு செய்யவில்லை, காதில் விழுந்தது ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவே. பேரப்பிள்ளைகளில் வேறு யாரையாவது அலைய விட்டிருந்தால் காந்தி கதை அவர்களுக்கு நினைவு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

தாள்களெல்லாம் சேர்ந்த பிறகு பெயர்ச் சிக்கல் வந்தது. ஆதாரில் 'அம்மாள்' உண்டு, பாஸ்புக்கில் இல்லை. பத்திரத்தில் தாத்தா பெயர் முழுசாக முன்னால் நிற்கும், ரேஷன் அட்டையில் பின்னால். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒற்றை எல், இன்னோரிடத்தில் இரட்டை எல். இதற்கு நோட்டரி முன்னால் பெரியம்மா ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார், இத்தனை பெயர்களிலும் குறிப்பிடப்படுகிறவர் ஒருவரே என்று. பத்திரத்தில் எல்லாப் பெயர் வடிவங்களையும், எந்த ஆவணத்தில் எது என்பதோடு எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் எழுதியதில் பிரெஞ்சுப் பதிவேட்டில் இருந்த வடிவம் விடுபட்டு, மறுபடியும் முத்திரைத்தாள், மறுபடியும் பண்ருட்டிக்குப் பயணம்.

வி.ஏ.ஓ. விசாரணைக்குத் தெருவுக்கு வந்தபோது ஒரு வேடிக்கை. ஆயாவின் பெயரைச் சொல்லி "இவங்களைத் தெரியுமா?" என்று பக்கத்து வீடுகளில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை! எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் யோசித்துவிட்டு, "அட, நம்ம பாகூர் ஆயாவா சார்? இட்லி ஆயான்னு கேட்டிருந்தா கடலூரே சொல்லுமே. பேரெல்லாம் யாரு கண்டா!" என்றார். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. 2011இல் அடித்த 'தானே' புயலில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துபோய், ஆயா மழையில் நின்றுகொண்டு தெருவுக்கே கஞ்சி காய்ச்சியது, அவருக்கு நின்றுபோன வேலை திரும்பக் கிடைக்கும் வரை மூன்று மாதம் இட்லிக்குக் காசு கேட்காதது, எல்லாவற்றையும் சொன்னார். வி.ஏ.ஓ.வும் உட்கார்ந்து கேட்டார். அறிக்கையில் அதில் ஒரு வரியும் ஏறாது, இருந்தாலும் கேட்டார். சான்றிதழ் வந்ததற்கு அந்தப் பெரியவரும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

சான்றிதழில் பெரியம்மா, மாமா, நான் என்று மூன்று பேர். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 'பொண்ணு செத்துட்டா பேத்திக்குப் பாத்தியதை இல்லை' என்று சொந்தத்திலேயே ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படி இல்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து அவருடைய மகன், மகள், கணவர் ஆகியோருக்குப் போகும். அதற்கு முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான், அவர்கள் அம்மா அப்பாவுக்கு உரிய பங்கு அவர்களுக்கு. விண்ணப்பத்தில் பெயரைச் சேர்க்கும்போதே இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பிறகு சேர்க்கச் சொல்லி நிற்பது கஷ்டம்.

வங்கிக் கதை சுருக்கமானது. கணக்கில் நாற்பதாயிரம் சொச்சம், நாமினி கிடையாது. நாமினி இருந்திருந்தால் இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்து ஒரே மூச்சில் வாங்கியிருக்கலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவர்தான், சொந்தக்காரர் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஆயாவின் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் இறந்த பிறகும் கணக்கில் ஏறியிருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இறந்த உடனேயே தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லிவிடுவது நல்லது. ஆயா வேறு எங்காவது பணம் போட்டு வைத்து மறந்திருக்குமோ என்று, ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளத்திலும் தேடினேன். பத்து வருஷமாகத் தொடாத கணக்குகள் அதில் வரும். ஒன்றும் இல்லை. ஆயாவின் சேமிப்பெல்லாம் சுருக்குப் பையிலும் அரிசிப் பானையிலும்தான்.

நகைதான் என் உயிரை எடுத்தது. கூரை போடுவதற்காக வைத்த சங்கிலி, வருஷா வருஷம் ஆயா நேரில் போய் வட்டி கட்டித் திருப்பி வைக்கும். ஆள் இல்லை என்றதும் மறு அடகு வைக்க முடியாது, வாரிசுச் சான்று இல்லாமல் மீட்கவும் முடியாது. நடுவில் ஆயா பெயருக்கே ஏல நோட்டீஸ் வந்தது. இறப்புச் சான்றை இணைத்து, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்த ரசீதையும் வைத்து, ஏலத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். வட்டியை மட்டும் நான் கட்டிக்கொண்டே வந்தேன், அதை யார் கட்டினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தால் சங்கிலி போயிருக்கும். அந்த வட்டி மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல்.

வீட்டுக்குப் பத்திரம் ஆயா பெயரில் இருந்தாலும் பட்டா மாறவே இல்லை. 1978இல் விற்றவரின் அப்பா பெயரிலேயே இருந்தது. பத்திரம் பதிந்தால் போதும் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். மூலப் பத்திரம் வேறு 'தானே' புயலில் டிரங்குப் பெட்டியோடு நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து பத்திர எண் எடுத்ததால் அது சீக்கிரம் முடிந்தது. பத்திர நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீதுகள். வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது, ஆனால் ஆயா நாற்பது வருஷ ரசீதையும் நூலில் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தது. அளக்க வந்தவர் அந்தக் கோவையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கூட்டுப் பட்டா மூன்று பேர் பெயரில் போன ஆவணியில் வந்தது.

அது வந்த வாரமே ஒரு ஃபைலோடு பண்ருட்டிக்குப் போய்ப் பெரியம்மா முன்னால் உட்கார்ந்தேன். ஆதார், பாஸ்புக், பத்திரம் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். "நான் இன்னும் சாவலடி" என்று திட்டினார். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆதாரில் ஒரு இனிஷியல் தப்பாக இருக்கிறது, வங்கியில் நாமினி இறந்துபோன பெரியப்பா. திங்கட்கிழமை இரண்டுக்கும் போகிறோம்.